கீழ் வீட்டுக்குப் போகாதே

இசோகுச்சி,
ஏப்ரல் 9

அன்புத் தங்கை மிசாவோவுக்கு,

செர்ரிப் பூக்கள் கொட்டி முடிந்தன. காற்றில் இன்னும் குளிர் இருக்கிறது. கடிதம் என்றால் முதலில் பருவத்தைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும் என்பது டீச்சர் உத்தரவு. நுழைந்துவிட்டேன்.

இதை எழுதுவது நானே, உன் அண்ணன் சகுசோ. எண்பத்து நான்கு வயதுக் கை. மேலே உள்ள வரிகளுக்கு ஒரு கோப்பை தேநீர் ஆறிப்போயிற்று. ஆறட்டும்!

இதற்கு முன் ஐம்பத்தெட்டு வருஷம் பிரேசிலுக்கு வந்த என் கடிதங்கள் எல்லாம் கினுவே எழுதியவை. உன் கடிதத்தை அவள் படித்துக் காட்டுவாள், நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள். எனக்கு எழுத்து தெரியாது என்பதை உன்னிடம் மட்டும் சொல்லக் கூடாது என்று மனைவியிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். கினுவே போய் மூன்று வருஷம் ஆகிறது மிசாவோ. நெஞ்சு வலி, ஒரே நாளில் முடிந்துவிட்டது. அதைக்கூட உனக்குத் தெரிவிக்க எனக்கு வழி இல்லை. காதும் மந்தமாகிவிட்டது, போன் மணி கேட்பதில்லை.

அதற்குப் பிறகு உன் கடிதம் ஒன்று வந்தது. சாமி மாடத்தில் கினுவேயின் படத்துக்குப் பின்னால் வைத்தேன். யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்ல வெட்கம். அதைவிடப் பெரிது பயம். நீ செத்துவிட்டாய் என்று உன் பிள்ளைகள் எழுதியிருந்தால்? பிரிக்காதவரை நீ உயிரோடு இருந்தாய். இரண்டு வருஷம் அப்படியே உன்னை வைத்திருந்தேன்.

போன வருஷம் ஊர்க்கூடத்தில் செவ்வாய்க்கிழமை வகுப்பு தொடங்கியது. டீச்சர் யார் தெரியுமா? உன் கடிதங்களை நாற்பது வருஷம் கொண்டுவந்து கொடுத்த தபால்காரி ஒகியே. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "வாங்கண்ணே. இத்தனை வருஷத்துல ஒரு கடுதாசியாவது வாசல்ல நின்னு பிரிச்சிருக்கீங்களா? எனக்கு அப்பவே சந்தேகம்."

போன வாரம் உன் கடிதத்தைப் பிரித்தேன். படித்து முடிக்க மூன்று நாள் ஆயிற்று. உன் கணவர் இறந்துவிட்டார். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். "அண்ணா, நான் ஊருக்கே வந்துவிடட்டுமா? உன் வீட்டில் ஒரு படுக்கை விரிக்க இடம் இருக்குமா?" என்று கேட்டிருக்கிறாய்.

இரண்டு வருஷம் தாமதமாகப் பதில்: இருக்கிறது. வா.

நகராட்சி அலுவலகத்துக்குப் போய்க் குடும்பப் பதிவேட்டின் நகல் வாங்கினேன். அப்பா பெயருக்குக் கீழே உன் பெயர் அப்படியே இருக்கிறது. நானே விரல் வைத்துப் படித்தேன். வரும்போது உனக்கு இந்தத் தாள் வேண்டியிருக்கும். இதோடு வைத்திருக்கிறேன்.

பதில் எழுதும் கையோடு,
சகுசோ


மரிலியா,
மே 4

அண்ணா,

இங்கே இலையுதிர் காலம். பருவம் சொல்லியாயிற்று, இனி சண்டை.

மூன்று வருஷமாக ஒரு வரி இல்லை! உனக்கு என்னைப் பிடிக்கவில்லை, கிழவி வந்து பாரமாக உட்காருவாள் என்று வாயை மூடிக்கொண்டாய், அப்படித்தான் நினைத்தேன். அழுது, திட்டி, மறக்கவும் பார்த்தேன். இப்போது கினுவே அண்ணியும் இல்லை என்கிறாய். இத்தனை வருஷம் என்னோடு பேசிக்கொண்டிருந்தது யார் என்று ஒரு வாரமாகக் குழம்பிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கேலியெல்லாம் உன்னுடையதா, அண்ணியுடையதா?

எழுத்து தெரியாதது ஏன் என்று நான் கேட்கவில்லை. என்னை முதுகில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளியே நீ நின்றது எனக்குத் தெரியும். குழந்தை அழுகிறது, போ என்று விரட்டுவார்களாமே. சித்தப்பா கப்பலில் சொன்னார்.

வரத்தான் ஆசை. ஆனால் பயமாக இருக்கிறது. பிரேசிலுக்குப் போகும் குடும்பத்தில் இத்தனை உழைக்கும் கை வேண்டும் என்பது அரசாங்கக் கணக்கு. அதில் ஒரு கை குறைந்ததால் சித்தப்பா என்னைச் சேர்த்துக்கொண்டார். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. என் ஜப்பானியப் பேச்சு அந்த வயதிலேயே நின்றுவிட்டது. வாரச் சந்தையில் பாஸ்டல் பலகாரம் பொரித்து விற்றவள், கூவித்தான் பழக்கம். யாரைப் பார்த்தாலும் கட்டிப்பிடிப்பேன். அக்கம்பக்கம் என்ன சொல்லும்? என்ன கொண்டுவர வேண்டும்? எதைச் செய்யக் கூடாது?

இன்னொன்று. இங்கே பூமி ஆடாது. அம்மாவைக் கொண்டுபோன கடல் உன் வீட்டிலிருந்து எத்தனை அடி?

மிசாவோ


இசோகுச்சி,
ஜூன் 6

அன்பு மிசாவோ,

மழைக்காலம் தொடங்கிவிட்டது. தாள்கூட நமுத்துப் போகிறது. கேலி பாதிப் பாதி. நான் ஒன்று சொன்னால் கினுவே இரண்டாக எழுதுவாள்.

கேட்டதற்கெல்லாம் வரிசை இல்லாமல் பதில் சொல்கிறேன். முதலில் முத்திரை, இங்கே கையெழுத்துக்குப் பதில் அதுதான். அப்பா பெயரில் சின்னதாக ஒன்று செதுக்கிக்கொள். அது இல்லாமல் இங்கே வங்கியும் இல்லை, பார்சலும் இல்லை. வந்த மறுநாளே எதிர் வீடுகள் மூன்று, பக்கத்து வீடுகள் இரண்டு, ஆளுக்கொரு துண்டு கொடுத்து வணங்க வேண்டும். கட்டிப்பிடிக்காதே. பிடித்தாலும் பக்கத்து வீட்டு நகாயா அம்மாவிடம் மட்டும் வேண்டாம். குப்பைக்கு அவள்தான் போலீஸ். நேற்றுகூட என் பையைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். "சகுசோண்ணே, எரியுற குப்பை செவ்வாயும் வெள்ளியும். இன்னிக்கி என்ன கிழமை? இப்பதான் படிக்கத் தெரியுமே, சுவத்துல ஒட்டியிருக்கிறத படிங்க!" படித்தேன். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, திட்டு வாங்கிக்கொண்டே படிப்பது.

கழிவறைச் செருப்போடு கூடத்துக்கு வராதே. குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேதான் அதிகம் குளிரும், கம்பளி உள்ளாடை கொண்டுவா. படுக்கும்போது காலடியில் செருப்பும் டார்ச்சும் இருக்க வேண்டும், பூமி ஆடி ஜன்னல் கண்ணாடி உடைந்தால் வெறும் காலோடு ஓட முடியாது. தினமும் மாலை ஐந்து மணிக்கு ஊர் ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு வரும். ஒலிபெருக்கி வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான், பயப்படாதே. பாட்டு இல்லாமல் குரல் வந்தால்தான் ஓட வேண்டும்.

இந்த இடத்தில் வரி கோணலாக இருக்கிறதே, என் கை இல்லை. பூமி ஆடியது. சின்னதுதான், நின்றுவிட்டது.

கடல் எத்தனை அடி என்று கேட்டாய். பதில் எழுதாமல் நான்கு நாள் சுற்றிக்கொண்டிருந்தேன்.

சுற்றுப் பலகை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஊர் அறிவிப்புகளைச் செருகிய பலகை, வீடு வீடாகப் போகும். படித்துவிட்டு நம் முத்திரையைக் குத்தி அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். கினுவே போன பிறகு நான் குத்துவேன், கொடுப்பேன். படித்ததில்லை. போன வாரம் முதல் தடவையாகப் படிக்க உட்கார்ந்தேன். காணாமல்போன பூனை, மீன் கூடம் கழுவும் நாள், எல்லாம் படிக்கப் படிக்க இனிப்பு. மூன்றாவது தாளில் கை நின்றுவிட்டது. கோயில் படிகள் இனி ஒதுங்குமிடம் இல்லையாம். பின்னால் உள்ள மண் சரியுமாம். எல்லோரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டுமாம். இந்த அறிவிப்பு வந்து இரண்டரை வருஷம் ஆகிறது. அரை வருஷத்துக்கு ஒரு தடவை சுற்றுகிறது. ஐந்து முறை முத்திரை குத்தியிருக்கிறேன் மிசாவோ. என் சாவுக்கு நானே ஐந்து முறை சம்மதம் கொடுத்து, பக்கத்து வீட்டில் பணிவாக ஒப்படைத்திருக்கிறேன். இரண்டு தடவை கடல் எச்சரிக்கை வந்தபோதும் தனியாக அந்தக் கோயில் படியில்தான் உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லையே, ஊரே சோம்பேறி ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

அதே தாளில் போட்டிருந்தது: பெரிய நடுக்கம் வந்தால் நம் தெருவுக்குத் தண்ணீர் வர எட்டு நிமிடம். மறுநாள் காலை மேட்டுப் பள்ளிக்கு நடந்து பார்த்தேன். முப்பத்தோரு நிமிடம்.

அண்ணன்


மரிலியா,
ஜூலை 1

அண்ணா,

உன் கடிதம் வந்ததிலிருந்து தூக்கம் இல்லை. எட்டையும் முப்பத்தொன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மகள் போனில் கேட்டாள், "என்னம்மா, லாட்டரி நம்பரா?"

மேலே எங்காவது வீடு பாரேன். பார்க்க மாட்டாயா? நான் வந்து உன்னைக் கைப்பிடித்து ஏற்றுகிறேன். எழுபத்தொன்பது ஆனாலும் எனக்கு முழங்கால் நன்றாக இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். அம்மா அன்றைக்கு எப்படிப் போனாள்? அப்பா சொல்லவில்லை. கினுவே அண்ணி எழுதிய எந்தக் கடிதத்திலும் இல்லை. அண்ணிக்குத் தெரியாதா, நீ அவளிடமும் சொல்லவில்லையா?

மிசாவோ


இசோகுச்சி,
ஜூலை 29

மிசாவோவுக்கு,

வெயில். சிள்வண்டுச் சத்தம் எனக்கே கேட்கிறது.

யாரிடமும் சொல்லவில்லை. இப்போது எழுதத் தெரிந்துவிட்டது, தப்பிக்க வழி இல்லை.

போர் முடிந்த அடுத்த வருஷம், டிசம்பர். விடிவதற்கு முன்னால் ஆடியது. அப்பா கடலில் இருந்தார். அம்மா உன்னை என் முதுகில் கட்டினாள். "ஓடுடா. திரும்பிப் பாக்காத. பின்னாடியே வர்றேன்." ஊரே கோயில் படிக்கு ஓடியது. எனக்கு ஆறு வயது, கோயில் மரங்களின் இருட்டைக் கண்டால் பயம். நான் ஆரஞ்சுத் தோட்டப் பாதையில் திரும்பிவிட்டேன்.

அம்மா கோயிலுக்கு வந்துவிட்டாள், உயிரோடு. ஒவ்வொரு படியாக எல்லோரிடமும் கேட்டாளாம், "எம் புள்ளைங்கள பாத்தீங்களா? யாராச்சும் பாத்தீங்களா?" யாரும் பார்க்கவில்லை. அவள் கீழே இறங்கினாள்.

நான் மேலே தோட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ தூங்கிவிட்டாய். கீழே அம்மா என் பெயரைக் கூப்பிட்டது கேட்டது, பிறகு உன் பெயர். எனக்கு வாய் திறக்கவில்லை. பயத்தில் பல் ஒட்டிக்கொண்டது. மூன்று தடவை கூப்பிட்டாள்.

அதனால் ஒரு நிபந்தனை. நீ இங்கே வந்தால், பூமி ஆடிய உடனே தனியாக மேலே போக வேண்டும். என்னைத் தேடக் கூடாது, கைப்பிடித்து ஏற்றக் கூடாது, திரும்பக் கூடாது. உன் முத்திரையைக் குத்திச் சம்மதம் எழுதி அனுப்பு. முடியாது என்றால் வராதே. வர வேண்டாம். இன்னொரு முறை கேட்டுக்கொண்டு உட்கார என்னால் ஆகாது.

சகுசோ


மரிலியா,
ஆகஸ்ட் 25

அண்ணா,

சம்மதம் எழுத மாட்டேன்.

மூன்று நாள் அழுதேன், உனக்காக. அந்த ஆறு வயசுப் பையனை நினைத்து. பிறகு சந்தைக்காரி மூளை வேலை செய்தது. அம்மா ஏன் இறங்கினாள்? நீ பதில் குரல் கொடுக்கவில்லை என்று இறங்கவில்லை, அவள் கூப்பிடும்போதே கீழேதான் இருந்தாள். கோயில் பக்கம் இல்லையென்றால் பிள்ளைகள் எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. எந்த இடத்தில் சந்திப்பது என்று அந்த வீட்டில் யாரும் முன்னால் பேசி வைத்திருக்கவில்லை. அவ்வளவுதான் அண்ணா. இருக்கும் இடம் தெரிந்தால் யாரும் கடலுக்குள் இறங்கித் தேட மாட்டார்கள்.

உன் முப்பத்தோரு நிமிடத்தைக் கீழ் வீட்டில் வைத்துக்கொண்டு என்னைத் தனியாக ஓடச் சொல்கிறாய். ஓட மாட்டேன், உனக்கே தெரியும்.

அக்டோபர் 17 பகல் ரயிலில் இசோகுச்சியில் இறங்குகிறேன். டிக்கெட் எடுத்தாயிற்று. துண்டுகளும் வாங்கிவிட்டேன், பிரேசில் கிளிப் படம் போட்டது. உன்னை எங்கே வந்து பார்ப்பது என்று எழுது. பதில் வராவிட்டால் மகளோடுதான் இருப்பேன், இனி கேட்க மாட்டேன்.

மிசாவோ


இசோகுச்சி, மேல்தோட்டம்,
செப்டம்பர் 15

அன்புத் தங்கை மிசாவோவுக்கு,

இங்கே ஆரஞ்சுக் காய்கள் இன்னும் பச்சை. நீ வரும்போது மஞ்சள் பூசத் தொடங்கியிருக்கும்.

மேலே போட்டிருக்கும் முகவரியைப் பார்த்தாயா? நகாயா அம்மாவின் காலி வீடு, தண்ணீரும் மண்சரிவும் எட்டாத இடம். சாவி கேட்கப் போனேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அஞ்சு வருஷமா சொல்றேன், மேல் வீடு சும்மா கெடக்கு, போங்கன்னு. கடலைப் பாக்காம தூக்கம் வராதுன்னு கதை விட்டீங்களே! இப்ப என்ன, தூக்கம் வந்துருச்சா?"

அது கதைதான். கீழ்த் தெருவில் எந்தக் கடை, எந்தப் பஸ், எந்த டப்பாவில் உப்பு என்று எழுபது வருஷமாக உருவத்தை வைத்துப் பழகியிருந்தேன். புது இடத்தில் ஒரு பலகையும் படிக்கத் தெரியாமல் குருடனாக நிற்க வேண்டுமே என்று பயம். இப்போது இங்கே வந்து முதல் வேலையாகப் பஸ் பலகையைப் படித்தேன். ஒரு நாளைக்கு மூன்று பஸ்தான், அதையும் நான்கு தடவை படித்தேன். சாமி மாடத்தை நகாயாவின் சிறு வண்டியில் ஏற்றினோம். கினுவேயின் படத்தை மடியில் வைத்துக்கொண்டேன்.

பயம் போகவில்லை. நேற்றுகூட ஆடியது, எழுந்து உட்கார்ந்துவிட்டேன். காலடியில் செருப்பு இருந்தது. ஓட வேண்டிய இடத்திலேயே இருக்கிறேன் என்று ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

வழி சொல்கிறேன், கவனமாகப் படி. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் இடது கைப் பக்கம் கடல். அந்தப் பக்கம் திரும்பாதே. வலது பக்கம் மீன் கூடம், தாண்டினால் கோயில். கோயில் படி ஏறாதே. அதற்கு அடுத்துக் கல் பதித்த சின்னப் பாதை பிரியும். அதுதான் நான் உன்னைத் தூக்கிக்கொண்டு ஏறிய பாதை. நூற்றுப்பத்துப் படி, நடுவில் உட்கார இரண்டு கல் இருக்கிறது. ஏறி முடித்ததும் முதல் வீடு.

கீழ் வீட்டுக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். நீ தவறிப்போய் அங்கே போனாலும், வேறு யார் என்னைத் தேடி வந்தாலும் தெரிய வேண்டும் என்று. பெரிய எழுத்தில் எழுத ஒரு முழு நாள் ஆயிற்று. இருட்டில் யார் படிப்பார்கள் என்று கேட்காதே. எழுதாமல் என்னால் கீழ் வீட்டைப் பூட்ட முடியவில்லை. ஒகியே டீச்சர் வந்து பார்த்தாள், ஒன்றும் திருத்தவில்லை. தாளில் இருப்பது இதுதான்:

சகுசோவும் மிசாவோவும் ஆரஞ்சுத் தோட்டத்தில் இருக்கிறோம். நன்றாக இருக்கிறோம். தேடிக் கீழே இறங்க வேண்டாம். மேலே வரவும்.

படியின் உச்சியில் நிற்கிறேன்,
அண்ணன்