பூந்திக்கொட்டையும் நான் மறைத்த ஒரு மூடி வினிகரும்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பா சுகம், துவைக்கிற மெஷின் மட்டும் படுத்துவிட்டது, அதற்குக் காரணம் நான்தான், அந்தக் கதைக்கு வருகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பொடியனும் எப்படி இருக்கிறீர்கள்? சம்பந்தியம்மாவை விசாரித்ததாகச் சொல். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

போன மாதம் நீ எழுதிய கடிதத்தை நான்கு தடவை படித்தேன். கடைப் பவுடர் ஒத்துக்கொள்ளாமல் பொடியன் வயிறெல்லாம் தடித்துச் சிவந்ததும், சம்பந்தியம்மா பூந்திக்கொட்டை ஊற வைத்த தண்ணீரில் அவன் துணிகளைத் துவைக்க ஆரம்பித்ததும், ஒரே வாரத்தில் வயிறு பட்டுப் போல ஆகிவிட்டதும் படித்துச் சந்தோஷம்தான். ஆனால் "அத்தை கை பட்டாலே துணிக்குத் தனி வாசனைம்மா" என்று எழுதியிருந்தாயே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. நீ வேலைக்குப் போன புதிதில் இதே பூந்திக்கொட்டையில்தான் உன் சட்டைகளைத் துவைத்துக் கொடுத்தேன். "ஆபீஸ்ல என் பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்கிறாங்க, புளிச்ச வாடை வருது, விட்டுடும்மா" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு, போனஸ் வந்த அன்றே மெஷினும் பெரிய டப்பா பவுடரும் வாங்கி வைத்தவள் யார்? நான் செய்தால் வாடை, அவர்கள் செய்தால் வாசனை. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு இந்தப் பாடம் மட்டும் புரியவே மாட்டேன் என்கிறது.

அந்த எரிச்சலில்தான் நானும் போய் அரைக் கிலோ பூந்திக்கொட்டை வாங்கி வந்தேன். பன்னிரண்டு வருஷம் விட்டுப்போன கை. விதையை நீக்கிவிட்டுத் தோலை மட்டும் துணிப்பையில் முடிந்து போட வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நானோ உன்னையும் சம்பந்தியம்மாவையும் மனதுக்குள் திட்டிக்கொண்டே இரண்டு கைப்பிடியை அப்படியே மெஷினுக்குள் கொட்டிவிட்டேன். கால் மணி நேரம் கடகடவென்று ஆடியது, அப்புறம் தண்ணீர் இறங்காமல் நின்றுவிட்டது. மெஷின் ரிப்பேர்காரர் வந்து தண்ணீர் வெளியேறும் குழாயைக் கழற்றினால் கறுப்புக் கறுப்பாக விதை. "என்ன பாட்டியம்மா, பேரப் பசங்க யாராவது உள்ள கோலி விளையாடினாங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா, "பேரன் தூர தேசத்துல இருக்கான் தம்பி, இது பாட்டி தனியா ஆடின ஆட்டம்" என்று சொல்லிவிட்டு அவரோடு சேர்ந்து சிரிக்கிறார். ஏதோ பாகம் மாற்ற வேண்டுமாம், அது வருகிறவரை வாளியும் கையுமாக இன்றைக்கு ஐந்தாவது நாள் எனக்கு.

இனி நிஜமான விஷயம். அதே கடிதத்தில், துணி விறைத்துப் பழுப்பேறி வருகிறது, உனக்கு ஏதாவது வழி தெரியுமாம்மா என்று கேட்டிருந்தாய். தெரியாது என்று போனில் சொன்னேன். தெரியும் குட்டிம்மா, தெரிந்தேதான் சொல்லவில்லை. சம்பந்தியம்மாவுக்குத் தெரியாதது ஒன்றாவது என்னிடம் இருக்கட்டுமே என்று முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டேன். நேற்று நீ பேசும்போது பின்னால் பொடியன் வீறிட்டு அழுதான், இடுப்புத் துணி உரசித் தொடை இடுக்கு சிவந்துவிட்டது என்றாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும், சம்பந்தியம்மா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள், எனக்கு வாய் வரவில்லை. போனை வைத்த பிறகு ஒரு வாய் தண்ணீர் இறங்கவில்லை, அந்த மெஷினைப் போலவே.

கேட்டுக்கொள். கொட்டை ஊறிய தண்ணீரை இரண்டு நாளுக்கு மேல் வைக்காதே, புளித்துவிடும். உன் சட்டையில் அன்றைக்கு வந்த வாடையும் அதுதான், ஒரு வாரத் தண்ணீரை ஊற்றியது என் தப்புதான், போகட்டும். சரியாக அலசாத துணிதான் பழுப்பேறும், நுரை போகிறவரை நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசு. கடைசி அலசலில் அரை வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி வெள்ளை வினிகர், அவ்வளவுதான், துணி மெத்தென்று வரும், காய்ந்த பிறகு வினிகர் வாடையும் நிற்காது. பிளீச்சிங் போட்ட துணியில் மட்டும் வினிகர் படவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் வருகிற நெடி மூச்சை அடைக்கும். நல்ல வெயிலில் உலர்த்து, பழுப்பு மெல்ல இறங்கும். இரண்டு நாளில் சிவப்பு அடங்காவிட்டால் டாக்டரிடம் காட்டு, என் கைவைத்தியத்தை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்காதே.

தபாலில் போட்டால் பத்து நாள் ஆகும், அதுவரை பிள்ளை தாங்காது, அதனால் அப்பா இதைப் போனில் படம் பிடித்து இப்போதே அனுப்பப் போகிறார். அவரும் படிப்பார், படித்துச் சிரிப்பார், சிரிக்கட்டும். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், பொடியனுக்கு என் ஆயுசையும் சேர்த்துக் கொடுக்கட்டும் கடவுள். ஒன்று மட்டும் மறக்காதே. வினிகர் சமாசாரத்தைச் சம்பந்தியம்மா காதில் விழுகிற மாதிரி சத்தமாகப் படி, எழுதியது யார் என்பதையும் சேர்த்துப் படி. மற்றதையெல்லாம் மனதுக்குள் படித்துக்கொள்.

இப்படிக்கு,
பொடியனின் முதல் பாட்டி,
உன் அம்மா