கீரைப் பாத்தியில் ஜவ்வரிசி

திண்டிவனம், 1943 ஐப்பசி, செவ்வாய் இரவு.

என் மனைவி மரகதம் டைபாய்டில் கிடந்து எழுந்தவள். கஞ்சி தவிர வேறு எதுவும் கூடாது என்கிறார் டாக்டர். இந்தச் சண்டைக் காலத்தில் விழுப்புரம் வரை அலைந்து ஜவ்வரிசி வாங்கி வந்து நானே காய்ச்சிக் கொடுக்கிறேன்.

இன்று காலை அவள் ஜன்னலுக்குக் கீழே கீரைப் பாத்தியைக் கிளறினேன். மண்ணுக்குள் கொத்தாக வெள்ளை மணிகள். கஞ்சியை வெளியே ஊற்றிவிட்டுக் குடித்ததாகச் சொல்கிறாள் என்று நினைத்து, படுத்திருந்தவளிடம் போய்க் கத்தினேன்.

"நான் கொட்டலீங்க" என்றாள். ஒரு தரம்தான் சொன்னாள். பிறகு நான் நீட்டிய கஞ்சியை ஒரே மூச்சில் குடித்தாள். குமட்டிக்கொண்டு வந்தது. வாயை இறுகப் பொத்திக்கொண்டாள்.

ஊற்றின கஞ்சி மண்ணுக்குள் போய் எப்படிக் கொத்தாக உட்காரும்? சாயங்காலம்தான் அது உறைத்தது. ஒரு மணியை நசுக்கினேன். தண்ணீராகத் தெறித்தது. கீரையெல்லாம் ஓட்டை, இலைக்கடியில் நத்தை. அத்தனையும் நத்தை முட்டை. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி ஒன்றையும் விடாமல் அழித்தேன்.

அவளிடம் சொல்லிவிடத்தான் உள்ளே போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "கோச்சிக்கினு இருக்காதீங்க. இனிமே கொட்டாம குடிச்சிடறேன்."

மன்னிக்கிறவன் மாதிரி, "சரி, தூங்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.