கிளி வரைந்த கம்பளி ஏணி

அக்கா,

இன்று காலை கடைத்தெருவில் ஒரு கடைவாசலில் மரப்பெட்டி பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆணி கிறீச்சிட்டுக்கொண்டு வெளியே வந்ததும் தேவதாரு மணம் மூக்கில் ஏறியது. என்ன வாங்க வந்தேன் என்பதே மறந்துபோய், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். "தும்மல் வருதாம்மா? செத்த தள்ளி நில்லுங்க" என்றார் கடைக்காரர். நான் தள்ளி நின்று அழுதேன்.

அண்ணன் வேலை பார்க்கும் மில்லுக்குப் பக்கமென்று இப்போது நாங்கள் ராஜபாளையத்தில் இருக்கிறோம். ஆனால் அந்த மணம் நம் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுடையது. உனக்கு நெஞ்சில் காசம் என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்ன மாசி மாதம் அது. கைப்பிள்ளை இருக்கிற வீடு. மதினி பயந்துபோனார். "கான்சாபுரத்துச் சித்தி வீட்டுல கொஞ்ச நாள் இருக்கட்டுமே" என்று அவர் அண்ணனிடம் சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் நமக்குக் கேட்டது. இப்போது நினைத்தால் அவர் சொன்னதில் தப்பில்லை. அன்று எனக்கு அவர் முகத்தையே பார்க்கப் பிடிக்கவில்லை. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, நான் இங்கனயே இருக்கணும்டி" என்றாய். என்னிடம் எதையும் கேட்டவள் இல்லை நீ.

மறுநாளே டாக்டரம்மாவிடம் ஓடினேன். தட்டு, டம்ளர், பாய் எல்லாம் தனியாக இருக்கவேண்டும், கம்பளியும் போர்வையும் தினமும் நல்ல வெயில் காணவேண்டும், பிறர் துணியோடு படக்கூடாது, அப்படியானால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார். நம் வீட்டில் இருந்ததோ ஒரே கொடி. கம்பளியைப் போட்டால் தரைவரை தொங்கிவிடும். வெயிலும் முற்றத்தில் ஓரிடத்தில் நிற்காது. நீதான் வழி சொன்னாய். "சொவத்துல சாத்துற மாதிரி ஒரு ஏணி செஞ்சா என்ன? படிக்கு ஒண்ணாப் போடலாம். வெயில் போற பக்கம் தூக்கிட்டுப் போலாம்." மதினியும் சம்மதித்தார். ஏணி நின்றால் நீ வீட்டில் இருக்கலாம் என்று ஆனது.

தச்சருக்குக் கூலி கொடுக்க ஏது வழி? மில்லுக்கு இயந்திரம் வந்த தேவதாருப் பெட்டிப் பலகைகளை விறகோடு விறகாகத் தள்ளிவிடுகிறார்கள் என்று அண்ணன் ஒரு கட்டு சைக்கிளில் கொண்டுவந்து போட்டார். வளைந்த ஆணிகளை அம்மியில் வைத்து நிமிர்த்தினோம். ரம்பம் எதிர்வீட்டு இரவல். நீ பலகையைக் காலால் மிதித்துப் பிடிக்க, நான் அறுத்தேன். இருமல் வந்தால் நீ காலை எடுத்துவிடுவாய். ரம்பம் கோணிக்கொண்டு போய்விடும். ஒருவழியாகச் சுவரில் சாத்திப் பார்த்தால் ஒரு கால் குட்டை. "கம்பளி பூராம் ஒரு பக்கமா வழுக்கி ஓடிரும் போலயே" என்று சிரித்தாய். குட்டைக் காலுக்கு அடியில் ஒரு துண்டுப் பலகையை வைத்து ஆணி அடித்தோம்.

ரம்பத்தைத் திரும்ப வாங்க வந்த எதிர்வீட்டு அத்தை ஏணியை மேலும் கீழும் பார்த்தார். "என்னட்டி இது, பாடை மாதிரில்லா இருக்கு!" ரம்பத்தை அவர் காலடியிலேயே போட்டேன். அவர் போனதும் நான் அழுதேன், நீ சிரித்தாய். பூ வரைந்து அழகாக்கிவிடலாம் என்றேன். "போடி கூறுகெட்டவளே, பாடைக்குந்தான் பூ வைக்காவ. கிளி வரைவோம். நம்ம ஊர்க் கிளி ஆண்டாள் கையில இருக்கது, பாடைப் பக்கம் எட்டிப் பாக்காது" என்றாய். மாட்டுவண்டிக்குப் பூசி மிஞ்சிய பச்சைப் பெயின்டில் பக்கத்துக்கு ஒரு கிளியாக வரைந்தாய். மூக்குக்கு மதினியின் குங்குமத்தை எண்ணெயில் குழைத்தாய். அதைவிட அழகான சாமான் நம் வீட்டில் இருந்ததில்லை.

பங்குனியில் உன் முகம் கொஞ்சம் தெளிந்தது. தினமும் ஏணியை வெயிலுக்குத் தூக்கிப்போவது என் வேலை. சாயங்காலம் கம்பளியில் முகத்தை வைத்து, "வெயில் வாசம்டி" என்பாய். பிழைத்துக்கொள்வாய் என்றே நம்பினேன் அக்கா.

அந்தக் கிளிகள்தான் உன்னைத் துரத்தின. அண்ணன் மகள் அப்போதுதான் நடை பழகியிருந்தாள். ஒரு நாள் மதினி அடுப்பங்கரையில் இருந்தார், நான் கிணற்றடியில். கிளியைப் பார்த்துக் கத்திக்கொண்டே அவள் ஏணியிடம் போய்விட்டாள். நான் ஓடிவந்தபோது உன் கம்பளியை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு, அதன் ஓரத்தை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். நீ அறை வாசலில் நின்றாய். பிள்ளையைத் தூக்கப் போன உன் கை பாதியில் நின்றுவிட்டது. "தூக்குட்டி, சீக்கிரம் தூக்கு!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாய்.

மதினி ஓடிவந்து பிள்ளையின் வாயை முந்தானையால் துடைத்தார். முடிவைச் சொன்னது நீதான். "அண்ணன்ட்ட வண்டி கட்டச் சொல்லு. நான் கான்சாபுரம் போறேன்." கிளியை அழித்துவிடலாம், ஏணியை எட்டாத இடத்தில் வைக்கலாம் என்று கெஞ்சினேன். "நாளைக்கு இன்னொண்ண இழுப்பா. பிள்ளைனா இழுக்கத்தான செய்யும்" என்றாய். நீ வண்டியில் ஏறும்போது அவள் மதினி இடுப்பிலிருந்து உன்னைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள். நீ உன் கைகளை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாய்.

ஐப்பசி மழையில் செய்தி வந்தது. ஓடையில் தண்ணீர் வடியக் காத்திருந்து நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உன் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, அக்கா. பள்ளிக்கூடம் போகிறாள். தூக்குகிற வயசா இது என்று மதினி என்னைத்தான் திட்டுகிறார். ஆனாலும் சாயங்காலம் அவள் வந்ததும் தூக்குகிறேன். இறக்கிவிட்டு மறுபடியும் ஒரு தடவை தூக்குகிறேன். "எதுக்கு அத்தை ரெண்டு வாட்டி?" என்று நேற்றுக் கேட்டாள். ஒன்று பெரியத்தைக்கு என்றேன். "அவியளையே வந்து தூக்கச் சொல்லுங்க" என்றாள். கை வலித்தது. ஆனாலும் வெகு நேரம் அவளை இறக்கிவிடவில்லை.