பூக்காத கோப்பி

அப்பாவுக்கு மகள் எழுதுவது,

விடுதியில் எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். பள்ளியை நடத்தும் வெள்ளைக்காரத் துரைசாணி பார்த்தால் கிழித்துவிடுவார். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை இதைப் படித்துக்காட்டும்போது அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

இங்கே கண்டியில் மழை விட்டு ஐந்து நாள் ஆகிறது. போன வருடம் இப்படி மழை விட்ட பிறகுதான் நம் தோட்டம் இருக்கும் ஹேவாஹெட்ட மலை முழுக்கக் கோப்பி வெள்ளையாகப் பூத்தது. நீங்கள் வந்து என்னை வீட்டுக்கு அழைத்துப்போனீர்கள். தம்பி மலையைப் பார்த்து, "அக்கா, யாரோ சோத்தக் கொட்டிட்டாங்க!" என்றான். அம்மா சிரித்துச் சிரித்துக் கஞ்சியைச் சிந்திவிட்டார்.

"கோப்பி பூத்ததும் வர்றேன்" என்றுதான் இந்த முறையும் சொல்லிவிட்டுப் போனீர்கள். ஆனால் இலையெல்லாம் மஞ்சள் தூள் நோய் பிடித்து உதிர்ந்துவிட்டதாம். பூவே இல்லையாம். தோட்டத்து ஆட்கள் கப்பலேறி ஊருக்குத் திரும்புகிறார்களாம். சமையல்கார அங்கம்மா கூட்டுகிறவளிடம், "ஞாயித்துக்கெழமைக்குள்ள யாரும் வரலைன்னா இந்தப் புள்ளய கொழும்பு அனாத மடத்துக்கு அனுப்பிருவாங்க" என்றாள்.

நான் அனாதை இல்லை என்று சொல்ல நினைத்தேன். அதற்குப் பதில் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பூவுக்காகக் காத்திருக்க வேண்டாம், அப்பா. மொட்டை மலையாக இருந்தாலும் தம்பியோடு உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன். சனிக்கிழமையே வாங்க.

உங்கள் மூத்த மகள்