கிண்டாவிட்டால் கல்லாகும் தேன்

ஹின்னெர்க்,

தங்கை வீட்டுக்குக் கிளம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை வருவேன். பட்டாணி சூப் அடுப்பில் இருக்கிறது. கோழிக்கூண்டுச் சாவி ஆணியில்.

நிலவறையில் கடுகுப்பூத் தேன் வெளுக்க ஆரம்பித்துவிட்டது. காலையும் மாலையும் அடிவரை கிண்டு. கிண்டினால் வெண்ணெய் மாதிரி உறையும். விட்டால் பீப்பாயோடு கல்லாகிவிடும். மூடியை இறுக்கி வை, ஈரம் இழுத்தால் புளித்துப்போகும். போன வருஷம் மாதிரி அடுப்பில் வைத்து உருக்கித் தொலைக்காதே. அந்தக் கருகல் வாடை உனக்கே பிடிக்கவில்லை.

"தேன் என்ன கைக்குழந்தையா, விட்டுட்டுப் போனா அழறதுக்கு?" என்று நேற்று கேட்டாயே. அழாதுதான். ஆனால் ஒவ்வொரு மே மாதமும் அது கட்டிப்போடுவது என்னைத்தான், உன்னை இல்லை. தங்கையின் மூத்த பிள்ளைகளின் ஞானஸ்நானம் எதற்கும் நான் போகவில்லை. இந்த ஞாயிறு ஞானஸ்நானம் அவளுடைய கடைசிப் பிள்ளைக்கு.

வீப்கே

இன்னொன்று: போகும்முன் ஒரு தடவை கிண்டிவிடலாமென்று கீழே இறங்கினேன். கையில் கிண்டுகோலோடு நிற்கும்போதே நிலவறைச் சன்னலுக்கு வெளியே என் பஸ் போய்விட்டது. அடுத்தது சாயங்காலம்தான். அதுவரை வீட்டுக்கெதிரே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பேன். சாப்பிடக் கூப்பிடாதே. உள்ளே வந்தால் மறுபடி கிண்டப் போய்விடுவேன்.