மோர் குடித்த கிறிஸ்துமஸ் மரம்

ஆஸ்டின் டவுன்,
பெங்களூர்.
27-12-1999

சிரஞ்சீவி கிஷோருக்கு அம்மா மனம் நிறைந்த ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொண்டது. இங்கே நானும் அப்பாவும் கீழ் வீட்டு பியாட்ரிஸ் அக்காவும், ஒன்றுக்கு இரண்டாகக் கிறிஸ்துமஸ் மரங்களும் சௌக்கியம். அதேபோல் அந்தப் பனியில் நீயும் உன்னோடு தங்கியிருக்கும் ஹரிஷும் சௌக்கியமாக இருக்கப் படவேட்டம்மனை வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் இரண்டாயிரம் பிறந்திருக்கும், உங்கள் கம்ப்யூட்டர்கள் தேதியை ஒழுங்காகப் படித்தனவா இல்லை உன்னைத் தூங்கவிடாமல் படுத்தினவா என்பது சாமிக்குத்தான் வெளிச்சம். மரத்துக்கு என்ன சௌக்கியம் என்று நீ கேட்பாய். அதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம். ஞாயிற்றுக்கிழமை நீ பேசுவது அக்கா வீட்டு போனில், அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார், அவரை வைத்துக்கொண்டு அவர் மரத்தை நாங்கள் கொன்ற கதையை எப்படிச் சொல்வேன்? அதுவும் போன மாதம் நீ, 'திங்கக்கெழம வியாழக்கெழமன்னு மொற போட்டுக்கிட்டு பூத்துலேர்ந்து கூப்புடாதம்மா, நான் என்ன சின்னக் கொழந்தையா, கொஞ்சம் மூச்சு விட வுடு' என்று எரிந்து விழுந்தாய். அந்தக் கோபத்தில் நான் நாலு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அந்தக் கதையும் இந்த மரத்தின் கதையும் ஒன்றுதான் என்று இப்போது படுகிறது, பொறுமையாகப் படி.

கீழே வாசல் வராந்தாவில் நீலத் தொட்டியில் அக்கா வைத்திருக்கும் மரம் உனக்கு நினைவிருக்கும். அடுக்கடுக்காகக் கை நீட்டிக்கொண்டு நிற்குமே, அதுதான். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் வீட்டுக்காரர் சில்வெஸ்டர் சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்து வந்தது. வருஷா வருஷம் மார்க்கெட்டில் சவுக்குக் கிளை வாங்கி, நாலு நாளில் அது காய்ந்து உதிர்வதைப் பெருக்கி அலுத்துப்போய், உயிரோடு ஒன்று இருக்கட்டும் என்று வாங்கினாராம். அடுத்த கிறிஸ்துமஸைப் பார்க்க அவர் இல்லை. அக்டோபரில் கோலார் தங்கவயலில் இருக்கும் அக்காவின் தங்கை பவுலினுக்கு ஆபரேஷன் என்று தந்தி வர, அக்கா வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்து, 'மங்களம், பத்து நாளுக்கு ஒருக்கா ஒரு சொம்பு தண்ணி ஊத்து, வேற ஒண்ணும் செய்யாத, அது நின்ன எடத்துலயே நிக்கட்டும்' என்று சொல்லிவிட்டுப் போனார். நீ எங்களை ஆரணியிலிருந்து இந்த ஊருக்குக் கொண்டு வந்து வைத்துவிட்டு எட்டாம் மாதமே அமெரிக்கா போய்விட்டாய். கடைக்காரருக்கு நான் ஆன்ட்டி, காஸ்காரருக்கு மாடி வீட்டம்மா. இத்தனை பெரிய ஊரில் என்னை மங்களம் என்று பெயர் சொல்லிக் கூப்பிட அந்த ஒரு ஆள்தான் உண்டு. அவர் நம்பி ஒப்படைத்ததை அவரைவிட நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அந்த ஆசைதான் எமனாக வந்தது.

தீபாவளிக்குத் தெருவில் விடுகிற ராக்கெட் வந்து விழுந்தால் பொசுங்கிவிடுமே என்று நானும் அப்பாவும் மூச்சு வாங்க அதை மாடிக்குத் தூக்கி வந்து ஹாலில் சாமி அலமாரிக்குப் பக்கத்து மூலையில் வைத்தோம். தீபாவளி போனது, மரம் போகவில்லை. மழை பெய்கிறது, பனி பெய்கிறது, உள்ளேயே இருக்கட்டும் என்றார் அப்பா. உங்கப்பாவைத்தான் தெரியுமே, டிப்போவில் இருபத்தெட்டு வருஷம் பஸ் வரவு போக்குக் குறித்த கை சும்மா இருக்குமா, காலண்டர் பின்பக்கம் கட்டம் போட்டு மரத்துக்கு ஒரு லாக் ஷீட் எழுதி, வாரத்துக்கு ஒரு முறை கால் வட்டம் திருப்புவது என்று டூட்டி போட்டுக்கொண்டார். அதோடு விட்டாரா, நான் குளிக்கப் போகிற நேரத்தில் தினம் ஒரு சொம்பு தண்ணீர். நானும் விளக்கேற்றும்போது, பாவம், வாயில்லா ஜீவன் என்று தினம் ஒரு சொம்பு. ஒருவர் ஊற்றுவது இன்னொருவருக்குத் தெரியாது. இரண்டு வாரத்தில் கீழ்க்கைகள் மஞ்சளாகித் தொங்க ஆரம்பித்தன. சத்து போதவில்லை என்று நினைத்து, நம் ஆரணி வீட்டில் கறிவேப்பிலைக்கு ஊற்றுவேனே, அதே மாதிரி புளித்த மோரைக் கரைத்து ஒரு வாரம் ஊற்றினேன். கறிவேப்பிலை அதைக் குடித்துவிட்டுக் காடாக வளர்ந்ததை நீயும் பார்த்திருக்கிறாய். இது கிறிஸ்துமஸ் மரம், மோர் குடித்துப் பழக்கமில்லை. தொட்டியில் எறும்பு ஏறி, ஹால் முழுக்க நாற்றம் எடுத்து, ஊசி ஊசியாக இருந்த இலையெல்லாம் தொட்டால் உதிர்ந்தது. அன்றைக்குத்தான் உன்னிடம் போனில் நான் சரியாகச் சாப்பிட்டாயா, ஸ்வெட்டர் போட்டாயா என்று கேட்டுக் கேட்டுக் குடைந்தேன், நீயும் கத்தினாய். இரண்டு பக்கமும் இடி.

அக்கா டிசம்பர் நாலாம் தேதி வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு முந்தின வாரம் அப்பா, இது தேறாது, இதே மாதிரி இன்னொன்று வாங்கி அந்தத் தொட்டியில் வைத்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்றார். எனக்கு அது திருட்டு வேலை என்று தெரியும், ஆனாலும் புறப்பட்டேன், பொய் சொல்வானேன். லால்பாக்குக்குப் பின்னால் சித்தாபுரத்தில் வரிசையாக நர்சரிகள் இருக்கின்றன. அங்கே முனியப்பன் என்று ஒருவர், ஆஸ்டின் டவுன்காரர்தான், பொறுமையாகக் காட்டினார். பார்க்கிற விதம் இருக்கிறது கிஷோர், நீ அங்கே வாங்குவதாக இருந்தால் தெரிந்துகொள். மேலே இருந்து குனிந்து பார்த்தால் கைகள் சக்கரத்துக்கு ஆரம் மாதிரி சமமாகப் பிரிந்திருக்க வேண்டுமாம். உச்சிக் குருத்து ஒடியாமல் நேராக இருக்க வேண்டும், பக்கக் கிளை ஒருநாளும் தலையாகாதாம். ஒரே தொட்டியில் மூன்று கன்றை நட்டு அடர்த்தியாகக் காட்டுவார்கள், அதனால் தண்டு ஒன்றுதானா என்று அடியில் பார்க்க வேண்டும். வெறும் கிளையை வெட்டி மண்ணில் குத்தி வைத்துச் செடி என்று விற்பவர்களும் உண்டு, லேசாக ஆட்டிப் பார்த்தால் வேர் பிடித்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். எல்லாரும் பெரியதாகக் கேட்பார்கள், அப்பாவோ குடையை எடுத்து நிறுத்தி, ஒன்றரைக் குடை உயரம், எட்டு அடுக்கு, கூடவும் கூடாது குறையவும் கூடாது என்று நின்றார். முனியப்பன் எங்கள் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, 'செத்துப்போனதுக்கு ஜோடி தேடறீங்களா சார், தண்ணி ஜாஸ்தி ஆயிடுச்சா' என்று கேட்டார். பெண் பார்க்கப் போன இடத்தில் மாட்டிக்கொண்ட மாதிரி இரண்டு பேரும் சிரித்து மழுப்பி, ஆட்டோவில் மரத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தோம். பழையதைப் பிடுங்கிப் புதியதை நீலத் தொட்டியில் வைத்துக் கீழே வராந்தாவில் பழைய இடத்திலேயே நிறுத்தினோம். பழையதைக் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன் என்று அப்பா சொன்னார், நான் போய்ப் பார்க்கவில்லை, பார்க்க மனசு வரவில்லை.

அக்கா வந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கி நேராக மரத்திடம் போய் நின்று, ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, 'நல்லாத்தான் பாத்துக்கிட்டிருக்கீங்க' என்றார். தங்கவயலிலிருந்து எங்களுக்கென்று பலாப்பழ அப்பளம் கொண்டுவந்திருந்தார். அந்த அப்பளத்தைப் பொரிக்காமலே டப்பாவில் போட்டு மூடி வைத்தேன். அதற்குப் பிறகு பதினெட்டு நாள் நான் கீழே போவதையே குறைத்துக்கொண்டேன். உன் போன் வந்து அக்கா கூப்பிட்டால்தான் போவது, பேசியதும் அடுப்பில் பால் இருக்கிறது என்று ஓடி வந்துவிடுவது. அப்பா மட்டும் எதுவும் நடக்காதது போலக் காலையில் எழுந்ததும் டேங்கில் தண்ணீர் ஏறியதா என்று பார்க்க மொட்டை மாடிக்குப் போவார், தண்ணீர் வராத நாளிலும் போவார். இந்த மனுஷனுக்கு மனசாட்சியே கிடையாதா என்று உள்ளுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன்.

இருபத்திரண்டாம் தேதி மத்தியானம் அக்கா மரத்தை உள்ளே எடுத்து வைத்து, அலங்காரம் செய்யக் கை கொடு என்று என்னைக் கூப்பிட்டார். பெட்டியைத் திறந்து பஞ்சு, மணி, ஜிகினா எல்லாம் எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்தவர், கடைசியில் தகரத்தில் வெட்டிய ஒரு சின்ன நட்சத்திரத்தை என் உள்ளங்கையில் வைத்து, 'இது அவரு கையால வெட்னது, இந்த வருஷம் நீ கட்டு' என்றார். என்னால் முடியவில்லை கண்ணா. அதைக் கீழே வைத்துவிட்டு, அக்கா, இது உங்கள் மரம் இல்லை, உங்கள் மரத்தை நான்தான் மோர் ஊற்றிக் கொன்றுவிட்டேன், குப்பையில் போய்விட்டது, உங்கள் மாடியைக் காலி பண்ணச் சொன்னாலும் சரி என்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பி, வா என்று மட்டும் சொல்லி, அந்த முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக ஏறி, நம் வீட்டு வாசலையும் தாண்டி மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனார். அங்கே டேங்குக்குப் பின்னால் கவிழ்த்த பக்கெட்டின் மேல் உங்கப்பா உட்கார்ந்திருக்கிறார், எதிரில் ஒரு சிமெண்ட் சாக்கில் அந்தப் பழைய மரம் நிற்கிறது!

பாதிக் கை போய்விட்டது, உண்மைதான். ஆனால் உச்சியில் சுண்டுவிரல் நீளத்துக்குப் புதுக் குருத்து, பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. அப்பா திருதிருவென்று விழித்தார். குப்பை வண்டி வரை கொண்டு போய்விட்டுப் போட மனசில்லாமல் திரும்பி, முனியப்பனிடம் ஓடியிருக்கிறார். அவர் அழுகிய கறுப்பு வேரை வெட்டிவிட்டு, செம்மண்ணும் மணலும் கலந்து ஓட்டை போட்ட சாக்கில் வைத்து, காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில் நிறுத்தச் சொல்லி, 'சார், இனிமே இதுக்கு ஒண்ணும் செய்யாதீங்க, அதான் மருந்து' என்றாராம். பிழைக்காவிட்டால் எனக்கு இரண்டாம் தரம் துக்கம் என்று என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தார். மனசாட்சி இல்லாத மனுஷன் என்று திட்டினேனே, நினைக்க வெட்கமாக இருந்தது. அக்காவுக்கு வந்த அன்றைக்கே தெரியுமாம். சில்வெஸ்டர் கொண்டுவந்தபோது ஜான்சன் மார்க்கெட் திருப்பத்தில் சைக்கிளோடு விழுந்து, அடி அடுக்கில் ஒரு கை ஒடிந்துவிட்டதாம், மற்ற அடுக்கில் ஐந்து என்றால் அந்த அடுக்கில் மட்டும் நாலு கைதான், புதியதில் அங்கேயும் ஐந்து. நாங்கள் குடை வைத்து உயரம் அளந்தோம், அடுக்கை எண்ணினோம், கையை எண்ணவில்லை. முதல் நாள் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன் என்றார். அடுத்த நாள் தண்ணீரே வராதபோதும் அப்பா மொட்டை மாடிக்குப் போவதைப் பார்த்து, அவர் இறங்கிய பிறகு மெதுவாக ஏறிப் பார்த்திருக்கிறார். தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்றேன். 'கேட்டா நீ மறுபடியும் ஒரு சொம்பு தூக்கிக்கிட்டு வந்துடுவியே, அது பொழைக்கட்டும்னுதான் சும்மா இருந்தேன், நீயும் தானா வருவேன்னு தெரியும்' என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன், சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்தது, ஒரு மாதமாக நெஞ்சில் இருந்த பாரம் அந்த டேங்குக்குப் பக்கத்திலேயே இறங்கிப் போனது.

கிறிஸ்துமஸ் அன்றைக்கு எங்களுக்கென்று தனியாகக் காய்கறி பிரியாணி, சோழி மாதிரி சுருட்டிப் பொரித்த கல்கல், அச்சு முறுக்கு. கீழே ஹாலில் புது மரம் ஜிகினாவோடு நின்றது, தகர நட்சத்திரத்தை மட்டும் அக்கா மாடிக்குக் கொண்டுபோய், குருத்தில் பாரம் படக்கூடாது என்று பக்கத்தில் ஒரு குச்சி நட்டு அதில் என்னைக் கட்டச் சொன்னார். ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் புது மரம் நமக்கு என்று சொல்லிவிட்டார், தண்ணீர்ச் சொம்பு மட்டும் அவரிடம்தான் இருக்குமாம். இறங்கி வரும்போது, 'ஏன் மங்களம், உம் புள்ளையையும் இப்படித்தான் பாத்துக்கறியா' என்று விளையாட்டாகக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. நீ மூச்சு விட விடு என்றபோது என் பாசத்தை நீ உதறுகிறாய் என்று நினைத்தேன், அதுதான் தப்பு.

ஆகையால் இனிமேல் திங்கள் வியாழன் பூத் கிடையாது. ஞாயிறு நீ பேசினால் போதும். ஒரு ஞாயிறு தவறினாலும் ஹரிஷைக் கூப்பிட்டு விசாரிக்க மாட்டேன், இரண்டு தவறினால் என்ன செய்வேன் என்று சத்தியம் செய்ய முடியாது. பருப்புப் பொடி அனுப்புவது இந்தக் கணக்கில் வராது, அது வரும். நோய்நொடி இல்லாமல், போன காரியம் முடித்து, நூறு வயசு நன்றாக இரு. அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், லாக் ஷீட்டைக் கிழித்துவிட்டார் என்பதையும் எழுதச் சொன்னார். ஒன்று மட்டும் மறக்காதே. மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் ஊற்ற வேண்டும் என்கிறார் முனியப்பன். உன் மண் எனக்குக் கைக்கெட்டாத தூரத்தில் இருக்கிறது. காய்ந்தால் நீயே சொல்லிவிடு கண்ணா, ஒரு சொம்போடு காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
மங்களம்