கன்னத்தில் விழுந்த சொட்டு

என் சண்டைக்கார அண்ணனுக்கு,

நீ போய் ஒரு மழைக்காலம் முடிஞ்சிபோச்சு. நம்ம ஊரு கோரமண்டல் ஸ்டேஷன்ல காலை ரயிலுக்கு அதே கூட்டம், அதே ஓட்டம். நம்ம வீட்டுலதான் பேச்சே இல்ல. யாராவது பேசிக்கிட்டு இருக்கட்டும்னு டிவியைப் போட்டுவெச்சுச் சோறு திங்கறேன்.

அண்ணியும் போய், என் வீட்டுக்காரரும் போய், ஒரே கூரைக்குள்ள மிஞ்சினது நாம ரெண்டு பேர். "அப்பா வேற சொத்து எதுவும் வெக்கல, இந்தக் கண்ணு பிரஷரை மட்டும் சமமாப் பங்கு போட்டுட்டாரு"ன்னு சொல்லிச் சிரிப்பே. நீ வேலை பாத்த தங்கச் சுரங்கம் மூடி எத்தனையோ வருஷம் ஆனாலும் உனக்குக் காலைச் சொட்டு முதல் ஷிப்டு, சாயங்காலச் சொட்டு ரெண்டாம் ஷிப்டு. நான் நாற்காலியில தலையைச் சாய்ச்சா, கீழ் இமையைக் கட்டை விரலால இழுத்துப் பிடிச்சு, "கேஜ் இறங்குது, அசையாதே"ன்னு சொட்டு விடுவே. சுரங்க ஷாஃப்டுல கேஜ் கூண்டுல ஆளுங்களை இறக்கின நெனப்பு உன்னை விடவே இல்ல.

அப்புறம் நீ உட்காருவே, நான் விடுவேன். என் கண்ணுக்கு நானே மருந்து விட்டதே இல்லியே அண்ணா. அது ஒரு வேலைன்னே எனக்குத் தெரியாது.

நீ போனப்புறம் நானும் விட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். பாட்டில் கிட்ட வந்தாலே கண்ணு தானா மூடிக்குது. கண்ணுக்குப் போகவேண்டியது கன்னத்துல வழியும். ஈரம் பட்டுச்சே, கொஞ்சமாவது உள்ள போயிருக்கும்னு துடைச்சிக்கிட்டுப் போயிடுவேன்.

செக்கப் தேதி வந்தது, நான் போகல. கண்ணை விரிக்கிற மருந்து விட்டா எல்லாம் மங்கலாயிடும், ஒருத்தருக்கு ஒருத்தர் வழிகாட்டணும்னுதானே நாம வேற வேற நாள்ல தேதி வாங்குவோம்? இப்போ யார் என் கையைப் பிடிச்சிக் கூட்டிக்கிட்டு வருவாங்க? ஆஸ்பத்திரியில இருந்து போன் பண்ணி, ஏன் வரலன்னு கேட்டாங்க. ஜுரம்னு பொய் சொன்னேன்.

அவங்க விடல, மறுபடி கூப்பிட்டாங்க. ஒருநாள் மனசைக் கல்லாக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ரயில் ஏறினேன். வலது கண்ணுல பிரஷர் எகிறிக் கிடக்குது. "போன பார்வை திரும்பாதும்மா. இருக்கிறதையாவது காப்பாத்தணும். மருந்து விடுறீங்களா?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. ஒரு வேளைகூடத் தவறாம விடுறேன்னேன். அது பொய் இல்லியே!

பக்கத்துல இருந்த நர்ஸ், "ஹாக்கி தோர்ஸம்மா"ன்னு கன்னடத்துல சொல்லி, பாட்டிலைக் கையில குடுத்து, போட்டுக் காட்டச் சொல்லிச்சு. போட்டேன். கன்னத்துல விழுந்தது. இன்னொண்ணு, மூக்கு மேல. அந்தப் பொண்ணு திட்டல. இத்தினி நாள் யாரும்மா போட்டுவிட்டாங்கன்னு மெதுவாக் கேட்டுச்சு. அவ்ளோதான், அத்தனை பேர் நடுவுல ஓன்னு அழுதுட்டேன். நீ செத்தன்னிக்குக்கூட அப்படி அழல அண்ணா.

கோச்சுக்காதே, அன்னிக்குச் சாயங்காலமே ஸ்டெல்லா அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். ஆமா, குழாய்த் தண்ணிக்காக நீ வருஷக்கணக்கா பேசாம இருந்த அதே பக்கத்து வீடுதான். உன் வீம்பைப் பாத்துக்கிட்டு இருந்தா என் கண்ணு போயிடும். "இன்னா இந்திராணி, இதுக்கா இவ்ளோ நாள் தயங்கினே?"ன்னு அந்தம்மா கையைத் துடைச்சிக்கிட்டு வந்தாங்க. "ஏசப்பா"ன்னு சொல்லித்தான் சொட்டு விடுறாங்க. சரியாக் கண்ணுக்குள்ள விழுது. அடுத்த செக்கப்புக்குக் கூடவே வர்றேன்னும் சொல்லியிருக்காங்க.

மருந்து விட்டதும் கொஞ்ச நேரம் கண்ணை மூடியே இருக்கணுமே, அப்போதானே நீ பூமிக்கடியில ஒவ்வொரு லெவல்லயும் நடந்த சுரங்கக் கதையெல்லாம் அவுத்து விடுவே? இப்போ அந்த நேரத்தைத்தான் எப்படித் தள்ளுறதுன்னு தெரியல. உன் பாட்டில் இன்னும் அலமாரியில இருக்குது. பாதிக்கு மேல மருந்து கிடக்குது. அதைத் தூக்கிப்போட எனக்குக் கை வரல.

ஆனா ஒரு சத்தியம் பண்றேன். இனிமே ஒரு ஷிப்டும் தவற மாட்டேன், ஒரு தேதியும் தவற மாட்டேன். நேத்து அக்கா இமையை இழுத்தப்போ, என் வாய் தானா "கேஜ் இறங்குது"ன்னு சொல்லிச்சு. இன்னான்னு கேட்டாங்க. ஒண்ணுமில்லக்கா, நீங்க விடுங்கன்னேன்.

ரெண்டாம் ஷிப்டுக்கு அசையாம உட்கார்ந்திருக்கும்
உன் தங்கச்சி,
இந்திராணி